முதல் ஹாக்கி தங்கம்... ஃபைனலில் ஆடாத கேப்டன்! யார் இந்த ஜெய்பால் சிங் முண்டா?

ஒலிம்பிக் ஹாக்கின்னு சொன்னதுமே தியான் சந்த் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, இந்தியா முதல் தங்கம் வென்ற 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் கேப்டன் அவர் இல்லை. ஜெய்பால் சிங் முண்டா என்ற பழங்குடி இளைஞர்.

யார் இவர்?

1903 ஜனவரி 3-ம் தேதி, இன்றைய ஜார்க்கண்டின் குந்தி பகுதியில் முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். ராஞ்சி மிஷன் பள்ளியில் படித்தபோது, இவரோட திறமையைக் கவனித்த பள்ளி முதல்வர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் படித்தார். பல்கலைக்கழக ஹாக்கி அணியிலும் தடுப்பாட்டத்தில் கலக்கினார்.

வேலையா, அணியா?

அன்றைக்கு இந்தியர்களுக்கு எட்டாக்கனியாக இருந்த ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வாகி, பயிற்சியில் இருந்தார். அந்த நேரத்துலதான் கேப்டன் பொறுப்பு தேடி வந்தது. லீவு கேட்டார், கிடைக்கல. ஆனாலும் ஆம்ஸ்டர்டாம் கிளம்பிட்டார். திரும்பி வந்ததும், பயிற்சியை இன்னும் ஓராண்டு தொடர வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். கலெக்டர் ஆகும் வாய்ப்பையே உதறினார் ஜெய்பால்.

ஒரு கோல்கூட வாங்காத அணி

ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து என வரிசையாக வீழ்த்திய இந்தியா, இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என வென்றது. 5 போட்டிகளில் 29 கோல் அடித்த அணி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஆனா, அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பால், எந்த அணிக்காக லீவு இல்லாமல் கிளம்பினாரோ அதே அணியின் ஃபைனலில் ஜெய்பால் ஆடவில்லை.

அடுத்த களம்

1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் நில உரிமைக்கும், ஆதிவாசி என்ற சொல்லுக்கும் வாதாடினார். ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கி, தனி மாநிலம் கேட்டார். 1952 தேர்தலுக்குப் பிறகு பீகார் சட்டமன்றத்தில் அந்தக் கட்சிதான் பிரதான எதிர்க்கட்சி. 1963-ல் அதை காங்கிரஸோடு இணைத்தது, ஆதரவாளர்கள் பலருக்குப் பெரிய ஏமாற்றம்.

1970 மார்ச் 20-ம் தேதி டெல்லியில் காலமானார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-ல். ஃபைனலைப் போலவே, அந்த வெற்றியின்போதும் கேப்டன் களத்தில் இல்லை. இன்றைக்கு ராஞ்சியில் ஒரு ஸ்டேடியம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.