மண்ணுக்குரிய மரமும் மானும்

தமிழ்ப் புதின முன்னோடி அ. மாதவையாவின் கடைசி மகனாக 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். சென்னையில் தாவரவியலும் சட்டமும் பயின்றும் நிலையான பணி வாய்க்கவில்லை. 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலர் எனப் பல பொறுப்புகள் வகித்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்வாதாரமாகக் கொண்டார். அந்நாளில் அது துணிந்த முடிவே.

அவர் விரும்பிச் சென்று ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல். அங்கே ஏரிநீரில் பாதி மூழ்கி நிற்கும் செங்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. சூழ்ந்த நீரே கூடுகளுக்குக் காவல். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்குப் பறவைகளைச் சுடாதபடி ஆங்கிலேய ஆட்சியரிடம் ஆணை பெற்றனர். சட்டங்கள் வருமுன்னரே ஊரார் செய்த காவல் அது.

இத்தகைய பிணைப்பை அயல்மரங்கள் தர இயலாது என்பது கிருஷ்ணனின் உறுதியான கருத்து. எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அவற்றைச் சரணாலயங்களில் நடுதல் கூடாதென வலியுறுத்தினார். இதைப் பிடிவாதம் என்றோரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட சீமைக்கருவேலம் ஏழையர் அடுப்பை எரித்ததும் உண்மையே.

ஆயினும் அதே மரம் கோடியக்கரையில் வெளிமானை ஒடுக்கியது. வெளிமான் பெயருக்கேற்பத் திறந்த புல்வெளியில் வாழ்வது. தொலைவிலேயே பகையைக் கண்டு, விரைந்தோடித் தப்புவது. முட்புதர் மண்டிய இடத்தில் அதன் கண்ணும் பயனற்றது, காலும் பயனற்றது. மேய்ச்சற்புல் குறைய, அது சீமைக்கருவேலக் காய்களைத் தின்கிறது. செரிக்காத விதைகள் சாணத்தோடு விழுந்து முளைக்கின்றன. தன் வெளியை அடைக்கும் மரத்தைத் தானே விதைக்கிறது மான்.

மாமல்லபுரம் கடற்கரையிலும் இத்தகைய இடர் உண்டு. அயலிலிருந்து வந்த சவுக்கு, அலையெட்டும் எல்லைவரை நடப்பட்டால், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்குத் திறந்த மணல் எஞ்சுவதில்லை.

தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றிய கிருஷ்ணனின் கள ஆய்வு 1968இல் நேரு ஆய்வுநல்கையுடன் தொடங்கியது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, 1996 பிப்ரவரி 18 அன்று மறையும்வரை எழுதிவந்தார்.