வருவாயா? வாழ்வா?

நுழையும்முன்

ஓர் ஊரில் மதுக்கடை இருக்கலாமா, கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? உரிமம் வழங்கும் அரசா, அதனை ஏலத்தில் எடுக்கும் வணிகரா, கடையின் விளைவைச் சுமக்கும் குடும்பங்களா? இவ்வினாவைப் பொதுவாழ்வின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர் மூதறிஞர் இராஜாஜி.

வழக்கறிஞர் கண்ட சேலம்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜகோபாலாச்சாரி பிறந்தார். சட்டம் பயின்று, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917இல் அந்நகராட்சியின் தலைவரானார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, பெரும்பொருள் ஈட்டித் தந்த தொழிலைத் துறந்தார்.

அக்காலத்தில் கள், சாராய விற்பனை 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் நடைபெற்றது. கள் இறக்கும் மரத்திற்கு வரி உண்டு. கடை நடத்தும் உரிமையை அரசு ஏலம் விடும். மிகுந்த தொகை கேட்டவருக்கே கடை கிடைக்கும். ஏலத்தொகையை மீட்கவும் அதற்குமேல் ஆதாயம் காணவும், கடை எடுத்தவர் மேலும் மேலும் விற்றாக வேண்டும். இவ்வாறு, குடி பெருகப் பெருக அரசின் கருவூலமும் நிறைந்தது. சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வழியே வந்தது. கடை அமைந்த ஊரின் குடும்பங்களோ கூலியை இழந்து கடனில் மூழ்கின.

ஆசிரமமும் இதழும்

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர்ப்பணி, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்குப் பரப்புரையும் அங்கு நடைபெற்றது. 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அவ்விதழ்ப் பணியில் கல்கி அவருக்குத் துணைநின்றார். கதை, பாட்டு, படம் எனப் பாமரருக்கும் எட்டும் வடிவங்களில் கருத்து கொண்டு செல்லப்பட்டது. சட்டத்திற்கு முன்பே மக்கள் மனத்தைப் பண்படுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

துணிவான தொடக்கம்

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் கடைகளை மூட அவர் முற்படவில்லை. தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் அங்கு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

எதிர்ப்புகள் எளியவை அல்ல. கள் இறக்கிப் பிழைத்தோர் என் செய்வர்? கள்ளச்சாராயம் பெருகாதா? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? இவ்வினாக்களை இராஜாஜி புறந்தள்ளவில்லை. வெல்லம் காய்ச்சுவதற்காகப் பதநீர் இறக்கும் உரிமம் வழங்கப்பட்டது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். இந்தியாவில் இத்தகைய வரிக்கு அதுவே முன்னோடி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. ஏழையின் கூலியிலிருந்து வரும் பணத்தைவிட, அனைவரும் பகிர்ந்து செலுத்தும் வரியே நேரியது என்பது அவர் நிலைப்பாடு.

தளராத முதுமை

1939இல் அவரது அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியின்போது, மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ஆட்சியில், 1948 அக்டோபர் 2ஆம் நாள் அது மாகாணம் முழுமைக்கும் வந்தது. அப்போது இராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார்.

1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவு செய்தது. தொண்ணூற்றிரண்டு அகவை முதிர்ந்த இராஜாஜி, முதலமைச்சரை நேரில் கண்டு அம்முடிவைக் கைவிட வேண்டினார். நிதி நெருக்கடியைக் கருதிய அரசு தன் முடிவில் மாறவில்லை, கடைகள் திறந்தன. மறு ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் இயற்றிய சட்டம் தளர்த்தப்பட்டது. அவர் எழுப்பிய வினா இன்றும் நிற்கிறது. கருவூலத்தில் சேரும் தொகையைக் கணக்கிடும்போது, அது எந்த வீட்டின் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கணக்கிட வேண்டும் என்பதே அவர் வாழ்வு மாணவர்க்கு உணர்த்தும் பாடம்.