இடிக்க மறுத்த நகர வைத்தியர்

ஆலங்குடாவின் மணல்வெளியில் ஒரு வீடு எவ்வாறு வளர்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டவன் நான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் ஒரு பகுதியினர் இக்கரையை வந்தடைந்தபோது, நாலு கம்பும் சில கட்டுக் கிடுகுமே வீடாயின. மாரி பிறந்தால் பள்ளத்துக் குடிசைகளில் நீர் நின்றது. மறுவருடம் மண் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். பிறகு ஒரு பக்கச் சுவர் கல்லாயிற்று. பின்னர் ஓர் அறை எழுந்தது. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், பணத்தைக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்து, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளச் செய்தது. இது புதுமையான முறை என்று பலர் புகழக் கேட்டிருக்கிறேன். ஆனால் இதன் வேரைத் தேடிப் போனால், 1932இல் மறைந்த ஒரு தாடிக்காரக் கிழவரிடம் போய் நிற்போம். அவர்தாம் பற்றிக் கெடிஸ்.

ஸ்கொத்லாந்தின் பலற்றர் என்னும் ஊரில் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி பிறந்தவர் அவர். தந்தையார் போர்வீரர். மகனோ செடிகொடிகளில் மனம் பறிகொடுத்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறி, லண்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் பெற்றாரில்லை. நம் மாணவர்கள் இதைப் பின்பற்றவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை!

1879இல் ஆராய்ச்சியின் பொருட்டு மெக்சிக்கோ சென்றவிடத்து அவருடைய கண்ணொளி மங்கிற்று. இருட்டறையிற் பல வாரங்கள் அடைபட்டுக் கிடந்தார். சன்னற் சட்டத்தின் கட்டங்களை விரலால் தடவித் தடவி, எண்ணங்களைக் கட்டங்கட்டமாக அடுக்கிப் பார்க்கும் ஒரு முறையை அங்கே வகுத்துக்கொண்டார். பார்வை மீண்டதாயினும் நுண்ணோக்குக் கருவியில் நெடுநேரம் கண்பதித்தல் இயலாதாயிற்று. செடியை ஆராய்ந்த கண் அதன்பின் நகரத்தின்பாற் சென்றது.

1886இல் அன்னா மோற்றன் என்னும் அம்மையாரை மணந்தார். புதுமணத் தம்பதியர் குடிபுகுந்த இடம் எது என்கிறீர்கள்? எடின்பரோவின் பழைய நகரில், அழுக்கும் நெரிசலும் மண்டிய ஜேம்ஸ் கோர்ட் என்னும் முடுக்கு! வசதியுள்ளோர் கைவிட்டுப் போன உயர்ந்த கட்டடங்களில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் அடைந்து கிடந்தனர். அங்கே கணவனும் மனைவியும் தாமே கூட்டிப் பெருக்கினர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். சன்னலோரத்திற் பூச்செடி வைத்தனர். அயலவரையும் கூட்டிக்கொண்டனர். உளுத்ததை மட்டும் அகற்றி, உறுதியானதைச் செப்பனிட்டனர். அருகிலே மாணவர்க்கு விடுதி அமைத்தனர். ஏழையை அப்புறப்படுத்தாமலே சேரியைத் திருத்தலாம் என்று அவர் பிற்காலத்தில் எழுதியதெல்லாம் இந்த முடுக்கிலே துடைப்பம் பிடித்துக் கற்றதுதான்.

1888 முதல் டண்டீயிலே தாவரவியற் பேராசிரியர். ஆண்டின் ஒரு பகுதியே அங்கே வேலை. எஞ்சிய காலமெல்லாம் நகர ஆராய்ச்சி. சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல ஆண்டுகள் சேர்த்துவைத்த நகரப் படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது எம்டன்! சென்னைமீது குண்டு வீசி, நம்மவர் பேச்சிலே ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். கெடிஸ் தளர்ந்தாரில்லை. நண்பர்கள் மீண்டும் படங்கள் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையிற் கண்காட்சி நடந்தேறியது.

பின்னர்த் தமிழகத்து ஊர்களைக் கால்நடையாகவே அளந்தார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிபற்றிய அவரது அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். நெருக்கமான அக்குடியிருப்பின் ஊடே நேர்நேராக அகன்ற வீதிகள் வெட்டவேண்டும் என்பது அதிகாரிகளின் திட்டம். அதற்கு மதிப்பிட்ட செலவு 30,000 ரூபா. வீதி அழகாகத்தான் இருக்கும். வீடிழந்தவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த தெருவில் ஏற்கெனவே நெரிந்து கிடக்கும் வீடுகளுக்குள்தான். வாடகை உயரும், நோய் மிகும், ஒரு சேரி போய் இன்னொரு சேரி தோன்றும். கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். பாழடைந்த ஒரு வீட்டை இங்கே நீக்குக, வெற்றிடத்தில் மரம் நடுக, முட்டுச் சந்தை அங்கே சிறிது திறந்துவிடுக, கிணற்றடியைச் சீராக்குக என்று ஒவ்வொன்றாய்க் குறித்தார். அவர் காட்டிய செலவு 5,000 ரூபா. வீடிழப்போரும் மிகச் சிலரே. நோயுற்ற விரலுக்காகக் கையை வெட்டாத வைத்தியரின் போக்கு அது.

நீர்நிலைகள் பற்றியும் அவர் கருத்துக் குறிப்பிடத்தக்கது. மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்த்துவிடும் வழக்கம் அக்காலத்தில் மிகுந்திருந்தது. குளம் மழைவெள்ளத்தைத் தாங்கும், சூழலைக் குளிர்விக்கும், நுளம்பை ஒழிக்க மீனும் வாத்தும் விடுங்கள் என்றார் கெடிஸ். 2015 டிசம்பரிற் சென்னை மூழ்கியபோது இதனை நினைந்து நான் வருந்தியதுண்டு. அதன்பின் ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் பலர், பிழைப்பிடத்தினின்றும் நெடுந்தொலைவிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். அப்பெரும்பாக்கமோ சதுப்பு நிலத்தை அடுத்தது. அங்கும் வெள்ளம் வந்தது.

1918இல் இந்தூர் அரசுக்கு இரண்டு பாகங்களில் அறிக்கை எழுதினார். கொள்ளைநோய் பரவிய அந்நகரில், தீபாவளி ஊர்வலம் மிகத் துப்புரவான தெருக்கள் வழியேதான் செல்லும் என்று அறிவித்து, ஊரையே கூட்டிப் பெருக்கவைத்த கதை பிரசித்தம். வீட்டைப்பற்றி அவர் கண்ட முடிவு எளியது. ஏழைக்கு முதலில் வேண்டியது இடம். நிலத்துண்டும் நீரும் கழிவகற்றும் வசதியும் கொடுத்துவிட்டால், மண்சுவரில் தொடங்கி அவனே படிப்படியாக வீட்டை வளர்த்துக்கொள்வான். கெடிசைக் கற்ற ஜோன் ரேணர் பின்னாளில் பெரு நாட்டுக் குடிசைப் பகுதிகளில் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். 1984இல் இலங்கையில் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டமும் சிறு கடன் கொடுத்து மக்களையே கட்டச்செய்தது. தொழிற்சாலையில் வார்த்த பகுதிகளைப் பொருத்திச் சில நாளில் எழுப்பும் சிறுவீடுகளைப்பற்றி இன்று ஆர்வமாகப் பேசுகிறார்கள். நானும் அவற்றை வெறுப்பவனல்லேன். மேலும் ஓர் அறை சேர்க்க இடம் விட்டிருக்கிறீர்களா, பழைய அயலவர் பக்கத்தில் இருப்பார்களா என்ற கேள்விகளைக் கெடிஸ் கேட்டிருப்பார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. தாடிக்குள்ளே முணுமுணுக்கும் பேச்சு. பிறர் படிக்கவியலாத கையெழுத்து. அந்நிய ஆட்சியின் விருந்தாளியாக வந்தவராகையால், நகரின் வறுமைக்கு அவ்வாட்சியே எவ்வளவு காரணம் என்பதை அவர் போதிய அளவு கேட்கவில்லை என்பது என் துணிபு. அறிக்கைகளிற் பெரும்பாலானவை அலுமாரியிலேயே உறங்கின. 1921இல் கொழும்புக்கு எழுதியதும் முழுமையாக நிறைவேறவில்லை.

1917 அவரை உலுக்கிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டயர் பிரான்சுப் போர்முனையில் ஏப்ரலில் மாண்டான். அன்னா அம்மையாரோ இந்தியாவிற் காய்ச்சலாய்க் கிடந்தார். மரணச் செய்தியை மறைத்து, மகனின் பழைய கடிதங்களை நோயாளிக்குப் படித்துக்காட்டினார் கெடிஸ் என்பர். சில வாரங்களில் அம்மையாரும் மறைந்தார். மகன் இறந்ததை அறியாமலே போனார்.

அதன்பின்பும் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார். 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியர். 1920இல் ஜகதீஷ் சந்திர போஸின் வரலாற்றை எழுதினார். 1925இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் தீட்டினார். உடல் தளர, 1924இல் தென்பிரான்சின் மொன்பெலியே சென்று, கற்கள் மண்டிய மேட்டு நிலத்தில் மாணவர்க்கென ஒரு கல்லூரியை எழுப்பலானார். இந்திய மாணவர்க்கும் அங்கே ஒரு விடுதி தொடங்கினார். 1932இல் 'சர்' பட்டம் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, தாம் கட்டிய அந்தக் கல்லூரியிலேயே அவர் கண்மூடினார்.