எலுமிச்சம்பழம் கப்பலுக்குள் வர 48 வருஷம்: யார் இந்த ஜேம்ஸ் லிண்ட்?

1747ஆம் ஆண்டு மே 20. பிரிட்டிஷ் போர்க்கப்பல் சாலிஸ்பரி நடுக்கடலில் இருந்தது. ஈறு அழுகி, கால் தளர்ந்து படுத்துக் கிடந்த 12 மாலுமிகளை 30 வயது கப்பல் டாக்டர் ஒருவர் ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து. ஆறே நாளில் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த விடையை பிரிட்டிஷ் கடற்படை உத்தரவாகப் போட்டது 1795ல்தான். இடையில் 48 வருஷம் ஓடியிருந்தது. விடையைக் கண்டுபிடித்தவரும் இறந்துபோயிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம்? அந்த டாக்டரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

எடின்பரோவில் இருந்து கடலுக்கு

ஜேம்ஸ் லிண்ட் 1716ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் உள்ளூர் அறுவை மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சர்ஜன் ஆக பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. வேலை பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

1739ல் கடற்படையில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். மத்திய தரைக்கடல், மேற்கு ஆப்பிரிக்கக் கரை, மேற்கிந்தியத் தீவுகள் என்று ஏறத்தாழ எட்டு வருஷம் கடலிலேயே கழிந்தது. 1747ல் சாலிஸ்பரி கப்பலின் சர்ஜன் ஆனார்.

கப்பல் டாக்டர் என்றதும் ஏசி அறை, வெள்ளை கோட் என்று கற்பனை செய்ய வேண்டாம். சண்டை நேரத்தில் அவருடைய ஆபரேஷன் தியேட்டர், கப்பலின் அடிப்பகுதியில் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு இருட்டுத் தளம். வெளிச்சத்துக்கு லாந்தர் விளக்கு மட்டும். மயக்க மருந்து என்ற பேச்சே கிடையாது.

கப்பலுக்குள் ஒரு நாள் எப்படி இருந்தது?

சாலிஸ்பரியில் 50 பீரங்கிகளும் சுமார் 350 ஆட்களும் இருந்தார்கள். லிண்ட் தினமும் பார்த்த வாழ்க்கை இதுதான்:

• தூக்கம்: தொட்டில் போல கூரையில் கட்டித் தொங்கவிட்ட துணித் தூளிதான் படுக்கை. கடற்படைக் கணக்குப்படி ஒரு ஆளுக்கு 14 அங்குல அகலம். பாதிப் பேர் டியூட்டியில் இருக்கும்போதுதான் கொஞ்சம் கை காலை நீட்ட முடியும். நான்கு மணி நேர ஷிப்ட் என்பதால் முழு இரவுத் தூக்கம் அபூர்வம்.

• சாப்பாடு: தினமும் சுமார் 450 கிராம் கடின பிஸ்கட், பல நேரம் வண்டு வைத்தது. வாரத்தில் நான்கு நாள் உப்பில் ஊறிய மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி. அதோடு பட்டாணி, ஓட்ஸ் கஞ்சி, கொஞ்சம் வெண்ணெய், சீஸ். பச்சைக் காய்கறியோ பழமோ ரேஷன் பட்டியலில் கிடையாது.

• இறைச்சி இல்லாத நாள்: இதற்கு மாலுமிகள் வைத்த பெயர் பனியன் டே. சைவம் சாப்பிடும் இந்திய பனியா வணிகர்களைப் பார்த்து வந்த பெயர் இது.

• குடிக்க: ஒரு ஆளுக்கு தினமும் ஒரு கேலன், அதாவது நாலரை லிட்டர் பீர். காரணம் கொண்டாட்டம் இல்லை. மரப்பீப்பாயில் அடைத்த தண்ணீர் சில வாரங்களில் பாசி பிடித்து நாறிவிடும். பீர் தீர்ந்தால் தண்ணீர் கலந்த ரம்.

• சம்பளம்: 1650களில் நிர்ணயித்த மாதச் சம்பளம் 1797 வரை ஏறவே இல்லை. ஆட்கள் ஓடிவிடக் கூடாது என்று மாதக்கணக்கில் சம்பளத்தைப் பாக்கி வைப்பதும் வழக்கம்.

• ஆள் சேர்ப்பு: போர்க்காலத்தில் துறைமுகத் தெருக்களிலும் வணிகக் கப்பல்களிலும் ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்து வருவதற்கென்றே பிரஸ் கேங் என்ற குழுக்கள் இருந்தன. அப்படி வந்தவர்கள் போட்டிருந்த அழுக்குத் துணியோடு பேனும், பேனோடு டைபஸ் காய்ச்சலும் கப்பலேறின.

பீரங்கியை விடப் பெரிய எதிரி

இந்த வாழ்க்கையில் மாலுமிகளைக் கொன்றது எதிரி நாட்டுக் குண்டு இல்லை, நோய்தான். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின் கணக்கு இதை நன்றாகவே காட்டும். கடற்படையில் சேர்க்கப்பட்டவர்கள் 1,84,899 பேர். சண்டையில் இறந்தவர்கள் 1,512 பேர். நோயில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 1,33,708 பேர். தப்பி ஓடியவர்களும் இந்தக் கடைசி எண்ணிக்கையில் அடக்கம்.

நோய்களில் முக்கியமானது ஸ்கர்வி. மனித உடலால் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் அது அறவே இல்லாமல் போனால் ஓரிரு மாதங்களில் விளைவு தெரிய ஆரம்பிக்கும். முதலில் அசதி. பிறகு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும். எப்போதோ ஆறிய பழைய காயம்கூடத் திரும்பத் திறந்துகொள்ளும். கடைசியில் மரணம்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. முதல் அறிகுறியே அசதி என்பதால், சோம்பேறித்தனம்தான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று அதிகாரிகள் நம்பினார்கள். எழுந்து நிற்கவே முடியாதவன் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவனாகத் தெரிந்தான்.

1740ல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல் படையில் சுமார் 1,900 பேர் இருந்தார்கள். அதில் 1,000க்கும் அதிகமானோர் ஊர் திரும்பவில்லை. பெரும்பாலும் ஸ்கர்விதான் காரணம். சாலிஸ்பரியிலும் 1746ல் பத்து வாரக் கடல் பயணத்தில் 350 பேரில் 80 பேர் படுத்துவிட்டார்கள்.

12 பேர், 6 ஜோடி

ஸ்கர்விக்கு எலுமிச்சை, ஆரஞ்சு நல்லது என்று லிண்டுக்கு முன்பே சிலருக்குத் தெரியும். 1601ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்திலேயே கேப்டன் ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் ஆட்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்திருந்தார். சிக்கல் என்னவென்றால், ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். எது வேலை செய்கிறது என்று யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

லிண்ட் அதைச் செய்தார். ஏறத்தாழ ஒரே அளவு நோய் முற்றிய 12 பேரைத் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் ஒரே இடத்தில் படுக்கை, ஒரே அடிப்படைச் சாப்பாடு. மருந்து மட்டும் வேறு வேறு:

1. முதல் ஜோடிக்கு தினமும் சுமார் ஒரு லிட்டர் ஆப்பிள் சைடர்
2. அடுத்த ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலத் துளிகள்
3. மூன்றாவது ஜோடிக்கு வினிகர்
4. நோய் அதிகமாக இருந்த இருவருக்கு கடல் தண்ணீர்
5. ஐந்தாவது ஜோடிக்கு தினமும் 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை
6. கடைசி ஜோடிக்கு பூண்டு, கடுகு முதலியவை சேர்த்து அரைத்த லேகியம்

ஆறு நாளில் கப்பலில் இருந்த பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் பழம் சாப்பிட்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். இன்னொருவரும் நன்றாகத் தேறியதால், மற்ற நோயாளிகளைக் கவனிக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார் லிண்ட். சைடர் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் முன்னேற்றம். மற்ற நான்கு ஜோடிக்கும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

இன்று புது மருந்து எது வந்தாலும் கிளினிக்கல் ட்ரயல் பற்றிப் பேசுகிறோமே, அதன் ஆரம்பகால மாதிரி என்று இந்தச் சோதனையைச் சொல்கிறார்கள்.

விடை தெரிந்தும் ஏன் மாறவில்லை?

1748ல் லிண்ட் கடற்படையை விட்டு விலகி, எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கி கிளினிக் நடத்தினார். 1753ல் ஸ்கர்வி பற்றிய பெரிய ஆய்வு நூலை வெளியிட்டு, அதை ஆன்சனுக்கே அர்ப்பணித்தார். ஆன்சன் அப்போது கடற்படைத் தலைமை நிர்வாகமான அட்மிரால்டியின் தலைவர். சரியான புத்தகம் சரியான ஆள் கையில் போய்ச் சேர்ந்த மாதிரிதான் தோன்றும். ஆனால் எதுவும் நடக்கவில்லை. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, லிண்டே முழுசாக நம்பவில்லை. 400 பக்கத்தைத் தாண்டும் அந்த நூலில் சாலிஸ்பரி சோதனைக்குக் கிடைத்த இடம் சில பத்திகள்தான். உடலில் வியர்வைத் துளைகள் அடைபடுவதும் கடலின் ஈரக் காற்றும்தான் மூல காரணம் என்பது அவருடைய கோட்பாடு. பழம் ஒரு நல்ல மருந்து என்றார். பழம் இல்லாததுதான் நோய் என்ற இடத்துக்கு அவர் வரவில்லை.

இரண்டு, அவர் கொடுத்த ஃபார்முலாவே தப்பு. பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்காது, விலையும் அதிகம். அதனால் சாற்றைச் சூடாக்கி, பாகு போலச் சுண்டவைத்து பாட்டிலில் அடைக்கச் சொன்னார். யோசனை நடைமுறைக்கு ஏற்றதுதான். ஆனால் சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோகும். அப்படி ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பாகைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குப் பலன் குறைவாகத் தெரிந்ததால், பழத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

மூன்று, போட்டி மருந்துகள். கேப்டன் ஜேம்ஸ் குக் 1768ல் கிளம்பிய பயணத்தில் ஸ்கர்விக்கு எதிராகப் பல பொருட்களைக் கொண்டுபோனார். இறங்கிய இடமெல்லாம் பச்சைக் கீரை, காய் சேகரிக்கவும் வைத்தார். ஆட்கள் நலமாகத் திரும்பினார்கள். ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனது மால்ட் கஷாயம். விலை மலிவு, கெடாது. ஸ்கர்விக்குப் பயன்? கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஹாஸ்லரில் 25 வருஷம்

1758ல் லிண்டுக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்தது. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், கோஸ்போர்ட் என்ற ஊரில் இருந்த ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனைக்கு அவர் தலைமை மருத்துவர் ஆனார். முதல் 2 ஆண்டுகளிலேயே 1,000க்கும் மேற்பட்ட ஸ்கர்வி நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். கப்பலில் 12 பேரை வைத்துப் பார்த்தவருக்கு இப்போது வார்டு வார்டாக நோயாளிகள்.

இங்கே அவர் பேசியது பழத்தைப் பற்றி மட்டும் இல்லை. புதிதாகப் பிடித்து வரும் ஆட்களை நேராகப் போர்க்கப்பலில் ஏற்றாதீர்கள், முதலில் தனிக் கப்பலில் வைத்துக் குளிக்க வைத்து, பழைய துணியை எடுத்துவிட்டு சுத்தமான துணி கொடுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். டைபஸைப் பரப்புவது பேன் என்று அறிவியல் கண்டுபிடிக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. ஆனால் அழுக்குத் துணியோடு காய்ச்சல் வருகிறது என்பதை அவர் கவனித்திருந்தார்.

1760களின் தொடக்கத்தில் இன்னொரு யோசனை. கடல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்தால், வேறு எந்தப் பொருளும் சேர்க்காமலே குடிதண்ணீர் கிடைக்கும் என்று செய்து காட்டினார். நாறிப்போன பீப்பாய்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 1768ல் வெப்ப நாடுகளில் ஐரோப்பியர்களைத் தாக்கும் நோய்கள் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

1783ல் லிண்ட் ஓய்வு பெற்றார். 1794 ஜூலையில் கோஸ்போர்ட்டில் காலமானார்.

சென்னைக்கு வந்த கப்பல்

லிண்ட் இறந்த அந்த ஜூலை மாதத்தில், சஃபோக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்தியாவை நோக்கி நடுக்கடலில் வந்துகொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு மாலுமிக்கும் தினமும் சுமார் 20 மில்லி எலுமிச்சைச் சாறு, சர்க்கரையோடு ரம்மில் கலந்து கொடுக்கப்பட்டது. இந்த முறை சுண்டவைத்த பாகு இல்லை, சாறு.

23 வாரம் எங்கேயும் கரை தொடாமல் வந்த அந்தக் கப்பல், 1794 செப்டம்பரில் மெட்ராஸ் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டது. ஸ்கர்வியில் ஒருவர்கூட சாகவில்லை. வழியில் அறிகுறி தெரிந்த சிலருக்குச் சாற்றின் அளவைக் கூட்டியதும் சரியாகிவிட்டது.

இந்த முடிவு லண்டனில் ஒருவருக்கு நல்ல ஆயுதமாகக் கிடைத்தது. அவர் கில்பர்ட் பிளேன் என்ற டாக்டர். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த கடற்படைக்கு மருத்துவராக இருந்தவர், லிண்டின் நூல்களைப் படித்தவர். லிண்டிடம் இல்லாத ஒன்று பிளேனிடம் இருந்தது: மேலிடத் தொடர்பு. அவரும் அவரோடு நின்றவர்களும் கொடுத்த அழுத்தத்தில், 1795ல் எலுமிச்சைச் சாறு தர அட்மிரால்டி உத்தரவிட்டது. சில ஆண்டுகளில் அது கடற்படை முழுக்க தினசரி ரேஷன் ஆனது.

பலன் லிண்ட் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் தெரிந்தது. ஹாஸ்லரில் 1780ல் 1,400க்கும் மேற்பட்ட ஸ்கர்வி நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 1806ல் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 1797ல், ஹாஸ்லருக்குப் பக்கத்திலேயே உள்ள ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, சரியான எடையில் ரேஷன், துறைமுகத்தில் நிற்கும்போது காய்கறி, நோயாளிகளுக்கு முறையான கவனிப்பு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். லிண்ட் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியை, மாலுமிகளே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த வருஷம்தான் சம்பளமும் ஏறியது.

எலுமிச்சைக்குள் வேலை செய்தது எது என்று தெரிய 1930கள் வரை ஆனது. வைட்டமின் சி ஆய்வுக்காக ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937ல் நோபல் பரிசு பெற்றார். லிண்ட் சோதனையைத் தொடங்கிய மே 20, இப்போது சர்வதேச கிளினிக்கல் ட்ரயல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.