முரட்டுக் குதிரையும் மென்மையான கையும்

பார்டிசான் என்பது ஒரு குதிரையின் பெயர். யாரும் அதன் மேல் ஏற முடியாது என்று பேர் வாங்கிய முரட்டுக் குதிரை. அதைப் பிரான்சு நாட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். அவரிடம் வந்த பிறகு, அது சர்க்கஸ் அரங்கில் நாட்டியம் ஆடுவதுபோல் அடி எடுத்து வைத்தது. பாரிஸ் மக்கள் வியந்து நின்றார்கள்.

அந்தக் குதிரையைப் பழக்கியவர் பிரான்சுவா போஷே.

இளங்குதிரையின் பயம்

போஷே 1796-ம் ஆண்டு வெர்சேல்ஸ் நகரில் பிறந்தார். இளமையில் இத்தாலிக்குச் சென்று தொழில் கற்றார். திரும்பி வந்து, ரூவான் முதலிய ஊர்களில் குதிரையேற்றப் பள்ளி நடத்தினார். பிறகு பாரிசுக்கு வந்தார்.

இளங்குதிரைக்கு ஆளைச் சுமப்பது புதிது. பயந்துபோய்த் தலையைத் தூக்கும். தூக்கினால் முதுகு குழிந்துவிடும். சுமையைத் தாங்க முடியாது. அதற்காகக் கடிவாளத்தை இழுத்து, முகத்தை மார்போடு சேர்த்துவிட்டாலும் தவறு. அடங்கியதுபோலத் தோன்றும். உள்ளுக்குள் அடங்கியிருக்காது.

கழுத்து மேலெழுந்து, வில்போல் வளைய வேண்டும். உச்சந்தலை உயர்ந்து நிற்க வேண்டும். முகம் ஏறக்குறைய செங்குத்தாக, மூக்கு சற்றே முன்னால் இருக்க வேண்டும். இதுவே சரியான நிலை.

முரட்டுத்தனம் முதலில் தாடையிலும் கழுத்திலும் தெரியும் என்றார் போஷே. ஏறுவதற்கு முன், குதிரையின் பக்கத்தில் நின்று கடிவாளத்தை மெல்லப் பிடிப்பார். தாடை இளகும்வரை காத்திருப்பார். இளகியதும் பிடியைத் தளர்த்துவார்.

ராணுவம் கைவிட்டது

ஆனால் ஏறிய பிறகு அவர் கையாண்ட முறை கடுமையானது. கால்களால் நெருக்குவார். அதே நேரத்தில் கடிவாளத்தாலும் தடுப்பார். குதிரை சீக்கிரம் வசப்பட்டது. அதன் ஓட்டம் கெட்டுவிடும் என்று எதிரிகள் தூற்றினார்கள்.

1842-ம் ஆண்டு தம் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். ராணுவம் சோதித்துப் பார்த்தது. பிறகு கைவிட்டது. போஷே மனம் உடைந்தார்.

விழுந்தது சரவிளக்கு!

1855-ம் ஆண்டு பாரிஸ் சர்க்கஸ் ஒன்றில், பெரிய சரவிளக்கு அறுந்து அவர் மேல் விழுந்தது. கால் நொறுங்கியது. மக்கள் முன்னால் அவர் மீண்டும் குதிரை ஏறவே இல்லை.

கால் பலம் போயிற்று. இனி நெருக்க முடியாது. வேறொருவராக இருந்தால் தொழிலையே விட்டிருப்பார். போஷே புது வழி தேடினார். கை பேசும்போது கால் சும்மா இருக்க வேண்டும். கால் பேசும்போது கை சும்மா இருக்க வேண்டும். மென்மையான கடிவாளமே போதும். இதுதான் அவர் கண்ட புது முறை. குதிரையின் கழுத்து முன்னிலும் உயர்ந்தது. அதன் நடை லேசாயிற்று.

கடைசிப் பாடம்

1873-ம் ஆண்டு போஷே மரணப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்தவர் அவருடைய மாணவர், ராணுவ அதிகாரி லோட். போஷே மாணவரின் கையைப் பிடித்தார். கடிவாளம் பிடிப்பதுபோல் அதை அசையாமல் நிறுத்தினார். எப்போதும் இப்படி என்றார். பிறகு அந்தக் கையை மார்பை நோக்கி இழுத்தார். ஒருபோதும் இப்படி வேண்டாம் என்றார்.

லோட் பிற்காலத்தில் தளபதியாகி, சோமூர் குதிரைப்படைப் பள்ளிக்கே தலைவரானார். அந்தக் கடைசிப் பாடத்தை மறக்காமல் எழுதி வைத்தவரும் அவரே.