ஒற்றைக் கண் விமானியின் தலைக்கவசம்

1926 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா எண்ணெய் வயலில் நடந்த விபத்தில் வைலி போஸ்ட் இடது கண்ணை இழந்தார். கிடைத்த நட்டஈட்டுப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு விமானம். ஒற்றைக் கண்ணால் தூரத்தை மதிப்பிடத் தன்னைப் பழக்கிக்கொண்டார். 1933 இல் தனியொருவராக விமானத்தில் உலகைச் சுற்றிவந்த முதல் மனிதரானார்.

அடுத்து, இன்னும் உயரே பறக்க விரும்பினார். அங்கே காற்றழுத்தம் மிகக் குறைவு. அவருடைய விமானமோ ஒட்டுப்பலகையால் ஆனது. அதற்குள் அழுத்தத்தை அடைத்துவைக்க முடியாது. ஆகவே விமானியின் உடலைச் சுற்றியே அழுத்தத்தைப் பேணும் உடையொன்றை, 1934 இல் குட்ரிச் நிறுவனத்தின் ரசல் கோலியுடன் சேர்ந்து உருவாக்கினார். முதல் உடை சோதனையில் தாங்கவில்லை. இரண்டாவதில் உடல் சிக்கிக்கொண்டது. உடையை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். மூன்றாவது உடை பயன்பட்டது. அதற்கு அலுமினியத் தலைக்கவசம். உயரே போனதும் முகப்புக் கண்ணாடியை இறுக மூடிக்கொள்ளலாம். அதை அணிந்து அந்தச் செப்டெம்பரில் சிக்காகோவுக்கு மேலே ஏறக்குறைய 40,000 அடி உயரத்தை எட்டினார்.

1935 ஓகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் நடந்த விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 36. மனிதன் விண்வெளிக்குப் போவதை அவர் காணவில்லை. ஆனால் கோலி அந்த வேலையைக் கைவிடவில்லை. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் அணிந்த மெர்குரி உடைகளை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு.