சிதாரை ராக் இசையுடன் இணைத்த ஆனந்த சங்கர்: இரு தசாப்தங்களுக்குப் பின் உயிர்பெற்ற இசைத்தட்டுகள்

இந்திய சிதாரையும் மேற்கத்திய ராக் இசையையும் ஒரே இசைத்தட்டில் இணைத்த முன்னோடிகளுள் ஒருவரான ஆனந்த சங்கர், தம் படைப்புகளுக்கு உலகளாவிய வரவேற்பு கிடைத்த மூன்றே ஆண்டுகளில் காலமானார். அதுவரை, அவரைப் பற்றிய அறிமுகம் பெரும்பாலும் ரவிசங்கரின் அண்ணன் மகன் என்ற அளவிலேயே நின்றது.

நடனக் கலைஞர்களான உதய் சங்கர், அமலா சங்கர் தம்பதியின் மகனாக 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி அல்மோராவில் பிறந்தார். அவரது குழந்தைப் பருவத்தில்தான் தந்தை உதய் சங்கர், சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' திரைப்படத்தை உருவாக்கினார். அப்படம் 1948-இல் வெளியானது.

சிதார் கற்க அவர் சித்தப்பாவிடம் செல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் லால்மணி மிஸ்ராவிடம் பயின்றார்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்றார். பீட்டில்ஸ் குழுவினரால் சிதாரின் நாதம் மேற்குலகில் பரவியிருந்த காலம் அது. ராக் கலைஞர்கள் தம் பாடல்களுக்கு வண்ணம் சேர்க்கவே பெரும்பாலும் அதைப் பயன்படுத்தினர். ரவிசங்கரோ ராக் ரசிகர் கூட்டத்திடமிருந்து விலகி நிற்கவே விரும்பினார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதையை ஆனந்த சங்கர் தேர்ந்தெடுத்தார். கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுடனும் அவர் சேர்ந்து வாசித்தார்.

1970-இல் ரிப்ரைஸ் நிறுவனம் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ், தி டோர்ஸ் ஆகிய குழுக்களின் புகழ்பெற்ற பாடல்கள் அதில் சிதாரில் ஒலித்தன. மூக் சிந்தசைசரும் டிரம்ஸும் தபலாவுடன் கலந்தன. எனினும், தொகுப்பின் உயிர்நாடி அந்த மறுவாசிப்புகளில் இல்லை; சுமார் 13 நிமிடங்கள் நீளும் 'சாகர்' என்ற அவரது சொந்தப் படைப்பிலேயே உள்ளது. கடலைக் குறிக்கும் அந்த இசையில் சிதார் அவசரமின்றி விரிகிறது. மின்னணு ஒலி அலையைப் போல் அதைச் சூழ்கிறது.

பின்னர் கொல்கத்தா திரும்பிய அவர், மிருணாள் சென் இயக்கிய 'கோரஸ்' திரைப்படத்துக்காகச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதைப் பெற்றார். 1975-இல் 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' என்ற தொகுப்பு வெளியானது. முதல் தொகுப்பில் மேற்கத்திய பாடல்கள் இருந்த இடத்தை இதில் கொல்கத்தா வீதிகளின் பரபரப்பும் தாளவாத்தியங்களின் துள்ளலும் நிரப்பின.

ஆயினும், பரவலான கவனம் கிடைக்க இரு தசாப்தங்கள் கடக்க வேண்டியிருந்தது. லண்டன் நடனக்கூடங்களின் டி.ஜே.க்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடிய வேளையில், 1975 தொகுப்பின் 'டான்சிங் டிரம்ஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' ஆகிய இரு படைப்புகளும் புதிய ரசிகர்களைப் பெற்றன. 1996-இல் ப்ளூ நோட் நிறுவனத்தின் 'ப்ளூ ஜூஸ்' தொகுப்பில் இரண்டும் இடம்பெற்றன. அதன்பின் ஐம்பது வயதைக் கடந்த ஆனந்த சங்கர், ஸ்டேட் ஆஃப் பெங்கால் என்ற பெயரில் இயங்கிய லண்டன் இசைக்கலைஞர் சாம் ஜமானுடன் பிரிட்டன் மேடைகளில் தோன்றினார்.

இந்த இரண்டாம் பயணம் நீடிக்கவில்லை. 1999-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, தமது 56-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். ஜமானுடன் இணைந்து உருவாக்கிய 'வாக்கிங் ஆன்' தொகுப்பு அவரது மறைவுக்குப் பிறகே வெளியானது. 'டான்சிங் டிரம்ஸ்' 2008-இல் 'லிட்டில்பிக்பிளானட்' என்ற வீடியோ கேமில் ஒலித்தது.